சின்னாயி உட்கார்ந்த சோபா

வெல்வெட் துணியைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆவிதான் காட்ட வேண்டும். சேலத்தில் ஒரு சலவைக் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தது. குக்கரில் பாதித் தண்ணீர் வைத்து, வெயிட் போடும் குழாயில் ரப்பர் டியூபை மாட்டி, கட்டுக்கம்பியால் இறுக்க வேண்டும். மறுமுனையில் வரும் ஆவியைச் சோபாவில் காட்டினால் மூட்டைப்பூச்சி செத்துவிடும். படிந்துபோன வெல்வெட்டும் எழுந்துகொள்ளும்.

ஸ்டவ் வெடித்தது என்று நீங்கள் எழுதிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அதைத் திருத்தத்தான் உங்களைக் கூப்பிட்டனுப்பினேன். திருச்செங்கோட்டில் பதினெட்டு வருஷமாக ஒரு பொறி சிந்தாமல் குடித்தனம் நடத்துகிறவள் நான். சென்னியம்மாளுக்கு அடுப்பு வேலை தெரியவில்லை என்று நாளைக்கு நாலு பேர் பேசக் கூடாது.

சின்னாயி எங்கள் தோட்டங்காட்டிலும் வீட்டிலும் பதினைந்து வருஷமாக வேலை செய்தவள். அவளுக்கென்று தனி டம்ளர், தனித் தட்டு. எதிலும் நாங்கள் குறை வைத்ததில்லை. போன சித்திரையில் அவள் மகனுக்கு ராசிபுரத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. மிட்டாயோடு வந்தாள். என் வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் லாரியோடு நாலு ஊர் சுற்றியவர், தாராள மனசு.

"வாத்தியாரோட ஆத்தா கீழ உக்காரலாமா? சோபாவுல உக்காரு சின்னாயி" என்றார்.

நுனியில்தான் உட்கார்ந்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நான் காப்பி கொண்டு வந்தபோது அவள் எழவில்லை. "குடுங்கம்மிணி" என்று உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று என் அண்ணன் சீராகக் கொண்டுவந்த சோபா அது.

மறுநாளே ஆவி காட்டினேன். அவள் உட்கார்ந்த தடம் போய்விட்டது. இருந்தும் ஒரு மாதம் நான் அதில் உட்காரவில்லை.

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் ஆந்திராவில் இருந்தார். ஸ்டவ்வைத் தரையில் வைத்து மறுபடி குக்கரை ஏற்றினேன். டியூபை மாட்டினேன், கம்பி கட்டவில்லை. முனையை நான் பிடித்துக்கொண்டு, சின்னாயியை ஸ்டவ் பக்கத்தில் தரையில் உட்காரச் சொன்னேன்.

"மாட்டுன எடத்துல ஆவி கசியுதான்னு குனிஞ்சு பாரு."

"ஒண்ணுங் கசியலீங்கம்மிணி."

"இன்னுங் கிட்டப் போயிப் பாரு."

சொன்ன பேச்சைத் தட்டாதவள். முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். நான் டியூபை மடித்து இறுக்கிப் பிடித்தேன். ஆவி போக வழியில்லை. முப்பது எண்ணுவதற்குள் குக்கர் பக்கம் டியூப் கழன்றது.

இரண்டு கண்ணும் போய்விட்டதாகப் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்களாம். பாவம்தான். எனக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை ஐயா. உடம்பு தேறி வரட்டும், நானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து அந்தச் சோபாவில் உட்கார வைக்கிறேன். நான் வரும்போது அவள் எழாமல் இருந்தாலும் இனி எனக்கு வருத்தம் வராது. வருவது யாரென்று அவளுக்குத் தெரியாதல்லவா.