தொண்ணூற்றெட்டு சதவீதத் தெளிவு

மானுட குலத்தின் மேலான கவனத்துக்கு: சுசீந்திரத்துக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் தன் சிவப்பு நிறத்தைத் துறந்துவிட்டது. துறக்க வைத்தவன் நான். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் இட்லி, இரவில் கஞ்சி. மற்றபடி என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

சுயம்புராஜின் சாயப்பட்டறைக் கழிவு வாரத்தில் இரண்டு நாள் அந்த வாய்க்காலில் வரும். ஊரார் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முதலில் பார்க்கிறவர், "ஏட்டி, சிவப்பு எறங்கிட்டு" என்று குரல் கொடுப்பார். அன்று யாரும் கால் நனைக்க மாட்டார்கள். மாட்டையும் விட மாட்டார்கள். விஞ்ஞானம் இல்லாத முறை. ஆனால் ஒருநாளும் பிசகியதில்லை.

நான் துத்தநாக ஆக்சைடில் நானோ தூள் செய்தேன். சாயத் தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தால், தூள் சாயத்தை உடைக்கும். நாற்பது நிமிடத்தில் நிறம் போய்விடும். உடைந்த துண்டுகளும் போக ஆறு மணி நேர வெயில் வேண்டும். அந்தத் துண்டுகள் சாயத்தைவிடப் பொல்லாதவை; வயிற்றுக்குள் போனால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது. சுயம்புராஜிடம் சொன்னேன்.

"ஆறு மணிக்கூறா? அதுக்குத் தொட்டி கொள்ளாது சாரே. நெறம் போச்சுல்லா, பின்னே என்ன?"

நியாயமாகத்தான் பட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பும் அறிக்கைப் படிவத்திலும் நிறநீக்கத்துக்குத்தான் கட்டம் இருந்தது. தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று எழுதினேன். துண்டுகளுக்குக் கட்டம் இல்லை. இல்லாத கட்டத்தை நான் எப்படி நிரப்புவது?

நாற்பது நிமிடத்தில் தண்ணீரை வாய்க்காலில் விடும் தொட்டி தயாரானது. திறப்பு விழாவில் நாதஸ்வரம், பொன்னாடை, 'நீரின் மறுபிறப்பு' என்று பேனர். கரையில் வீடுள்ள தாணம்மாள், மகள் சுபிதாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"கண்ணாடி மாதிரி கெடக்கே சாரே. இனி பிள்ளைய எறக்கலாமா?"

"தெளிவாத்தானே இருக்கு" என்றேன். இறக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சுபிதாவுக்கு ஏழு வயது. தினமும் நீந்தினாள், தாகம் எடுத்தால் அங்கேயே அள்ளிக் குடித்தாள். பத்தாம் நாள் அவள் உதடு நீலமானது. "நாவப்பழம் தின்னியா?" என்று தாணம்மாள் அதட்டியிருக்கிறாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் சுபிதா இறந்தாள்.

துஷ்டி கேட்கப் போனேன். தாணம்மாள் என்னைப் பார்த்து, "நீங்க நல்லதுதான் செய்தீங்க சாரே. எங்களுக்குக் குடுத்து வைக்கல்ல" என்றாள். கொடுத்த கட்டன்காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

வாய்க்கால் தெளிவாக ஓடுகிறது. எது சிவப்பு நாள் என்று இப்போது பார்த்தால் எனக்கும் தெரியாது.

விட்டுப்போனது ஒன்று உண்டு. விழாவன்று போட்டோவுக்காக அந்தத் தண்ணீரில் என்னை முகம் கழுவச் சொன்னார்கள். ஜலதோஷம் என்றேன்.

எனக்கு ஜலதோஷம் இல்லை.