கெட்டுப்போன பியருக்கு வைத்தியன்

பியரில் வெண்ணெய் வாசம் அடித்தால் அதைக் கீழே கொட்ட வேண்டிய அவசியமில்லை, மேடம். பெரும்பாலானவர்கள் கொட்டிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் வெதுவெதுப்பாக வைத்திருந்தால் பியரைப் புளிக்க வைக்கிற ஈஸ்டே அந்த வாசத்தைத் தின்று தீர்த்துவிடும். பொறுமை இல்லாதவர்கள்தான் நல்ல பியரைப் பாழாக்குகிறார்கள்.

டுலூத் ஊரில் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களிடம் என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். ஆரின் லிண்ட்கார்டு நல்ல மனிதர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். யார் வீட்டில் பியர் புளித்துப்போனாலும், நுரை கட்டாவிட்டாலும், ஈரமான அட்டைப்பெட்டி மாதிரி நாறினாலும் என்னைத் தேடித்தான் ஆள் வரும். ஒரு வாய் குடித்தால் போதும், கோளாறு குழாயிலா, தண்ணீரிலா, அவசரத்திலா என்று சொல்லிவிடுவேன். காகித ஆலையில் ஓய்வு பெற்று, மனைவியும் விவாகரத்து வாங்கிக்கொண்டு போன பிறகு எனக்கு வேறென்ன வேலை? ஆனால் ஒன்று. பியர் சரியாகிவிட்டால் யாரும் வைத்தியனைக் கூப்பிடுவதில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. உலக வழக்கம் அது.

டோபினும் க்வென்னும் எதிர்வீட்டுக்குக் குடிவந்தது ஒரு வசந்த காலத்தில். அவன் படகு கட்டும் இடத்தில் வரைபடம் போடுகிறவன். அவள் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். அவன் காய்ச்சிய முதல் பியர் வாயில் வைக்க முடியாதபடி இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"இதுக்கு வைத்தியம் பாப்பீங்களாமே, டாக்டர்? நோயாளி பொழைப்பானா?" என்றான்.

அன்றிலிருந்து நான் அவனுக்கு டாக்டர். சனிக்கிழமைதோறும் அவர்கள் நிலவறையில் காய்ச்சுவோம். மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, வேகிற வாசம் வீடு முழுக்க நிறையும். க்வென் காட்டரிசி சூப் வைப்பாள். எனக்கென்று ஒரு நாற்காலி வந்துவிட்டது. பிறகு அவன் தேறிவிட்டான். பியர் காய்ச்சுகிறவர்கள் சங்கம் நடத்திய போட்டியில் அவனுடைய பியர் பரிசு வாங்கியது. நானும்தான் கைதட்டினேன். அடுத்த சனிக்கிழமை அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். புது நண்பர்கள் வந்திருந்தார்கள். என் நாற்காலியில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகுதான் மேல்கோட்டுப் பையில் ஒரு சின்ன மருந்துப் புட்டி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். அதில் இருந்தது விஷமல்ல. கிருமி பிடித்துப் புளித்த பியர், அவ்வளவுதான். அவன் புதிதாகக் காய்ச்சியதை எட்டிப் பார்க்கிற சாக்கில் இரண்டு சொட்டு விட்டால் போதும். பியர் கெட்டது. அவன் ஓடி வந்தான். இருவரும் சேர்ந்து குழாய்களை மாற்றினோம், வாளியை மாற்றினோம், சுவரையெல்லாம் கழுவினோம். அவன் சோர்ந்து உட்காரும்போது தோளில் தட்டிக்கொடுத்தேன். ஒரு வருஷம் அப்படி நன்றாகவே போயிற்று. யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை.

பிறகு க்வென் சொன்னாள், இந்தக் காய்ச்சலும் கழுவலும் போதும், இதுதான் கடைசி வாளி, வீட்டை விற்றுவிட்டு பார்கோ நகரில் டோபினின் அக்கா லோயிஸ் பக்கமாகப் போகலாமென்று இருக்கிறோம் என்று. சூப்பைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். அந்தக் கடைசி வாளியைப் பாட்டிலில் அடைக்க நானும் போயிருந்தேன். பியர் பொங்கி நுரைக்க அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பது வழக்கம். அன்று அதை அளந்து வாளியில் கலக்கியவள் க்வென். முதல் பெட்டிக்கு மூடி போட்டு முடித்ததும் இருவருமாகத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்கள். இரண்டாவது பெட்டிக்கு நான் மூடி போடுகிறேன் என்றேன். போடுவதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலிலும் கூடுதலாகக் கொஞ்சம் சர்க்கரை போட்டேன். நிலவறை சில்லென்றிருக்கிறது, பெட்டி வீட்டைச் சூடேற்றும் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

திறந்தால் நுரை பீறிட்டு மேசையெல்லாம் வழியும், மறுபடியும் என்னைக் கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். சர்க்கரை மிஞ்சினால் பாட்டில் வெடிக்கும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். சங்கத்தில் அதைப் பற்றிப் பேசியவனே நான்தான். நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

சில வாரம் கழித்து டோபின் குனிந்து பெட்டியைத் திறந்தபோது ஒரு பாட்டில் வெடித்தது. ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளதெல்லாம் வெடிக்கும். இரண்டு கண்களும் போய்விட்டன. ஆம்புலன்ஸில் கூடவே போனவன் நான். நிலவறையில் கிடந்த கண்ணாடியைப் பொறுக்கியவனும் நான்தான்.

சர்க்கரையை அளந்தது தன் கைதான் என்று க்வென் ஆஸ்பத்திரியில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் கைதான் தவறியதா என்று டோபின் என்னிடம் தனியாகக் கேட்டபோது மட்டும், களைப்பில் யாருக்கும் கை தவறும், அவளை மன்னித்துவிடு என்றேன். மன்னிக்கச் சொன்னது குற்றமா? அவனால் முடியவில்லை. அவளாலும் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. இலையுதிர் காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

பிறகு சமைத்தது, துவைத்தது, சவரம் செய்துவிட்டது எல்லாம் நான்தான். என் வீட்டுக்குத் தூங்கத்தான் போனேன். லோயிஸ் போன் செய்து, தம்பியை அழைத்துப்போகட்டுமா என்றாள். அவன் யாருடனும் பேசும் நிலையில் இல்லை என்றேன். அவனிடம், அக்காவுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது என்றேன். ஏரி உறைந்துகொண்டிருந்தது. அந்தக் குளிரில் கண் தெரியாதவனை பார்கோ வரை அலைக்கழிப்பானேன்?

ஒரு மத்தியானம் நான் உள்ளே நுழைந்தபோது மேசையில் இரண்டு கிளாஸ்கள் இருந்தன. அவன் எனக்காகக் காத்திருந்தான்.

"உட்காருங்க, டாக்டர். குடிச்சுப் பாத்துட்டு என்ன கோளாறுன்னு சொல்லுங்க."

குடித்தேன். ஒரு கோளாறும் இல்லை. மணிமணியாகக் குமிழி, நாக்கில் ஆரஞ்சுத் தோல் கசப்பு. அருமையாக இருக்கிறது, எங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.

"வாங்கலை. க்வென்னோட துணி அலமாரியில இருந்துச்சு. அவ ஸ்வெட்டர் ஏதாவது கிடைக்குமான்னு தடவிப் பாத்தேன், பெட்டி கையில பட்டுச்சு. அன்னிக்கு அடைச்சு மாடிக்குத் தூக்கிட்டுப் போனோமே, அந்தப் பியர். நானே மறந்துட்டேன்."

மாடிக்குப் போன பெட்டியை நானும் மறந்தே போயிருந்தேன்.

"ஒரே வாளி, டாக்டர். ஒரே சர்க்கரை. க்வென் அளவு தப்பியிருந்தா இதுவும்ல வெடிச்சிருக்கணும்? கீழ இருந்த பெட்டி மட்டும் ஏன் வெடிச்சுது? அதுக்கு மூடி போட்டது யாரு?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டான். ஒரு கோளாறை ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துக் கண்டுபிடிக்கிற முறை அது. அழகாகச் செய்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"நான் க்வென்கிட்ட பேசணும். என் போன் எங்க?"

பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"ஏன் இப்படிப் பண்ணுனீங்க?"

"சூப் ஆறிடும், சாப்பிடு" என்றேன்.

அவன் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்குப் போனான். வெளியே படிகளெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தன. விழுந்தால் இடுப்பு உடைந்துவிடும். அதனால்தான் கதவுக்கு வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னல்களையும் ஆணி அடித்து மூடிவிட்டேன், குளிர் உள்ளே வராது. அந்தக் குளிர்காலம் முழுக்க தாழ்ப்பாள் அப்படியே இருந்தது.

முதலில் கதவை உதைத்தான். பிறகு சூடேற்றும் குழாயைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தான். நான் கரண்டிகளை எடுத்துவிட்டேன். சாப்பிட மாட்டேன் என்றான். பிறகு சாப்பிட்டான். ஒருநாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆரின். கதவ மட்டும் திறந்து விட்டுருங்க. தயவுசெஞ்சு."

மரியாதையான பையன். ஆனால் டாக்டர் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஏன் வெளியே போக வேண்டும் அவன்? தாழ்ப்பாளுக்கு உள்ளே இருந்தவன் அவன் மட்டும்தான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் எங்கே போனேன்? சங்கத்துக்குப் போகவில்லை, கடைக்கு ஓடிப் போய் ஓடி வருவேன். ராத்திரி அவன் இருமுகிறானோ என்ற நினைப்பிலேயே எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். சனிக்கிழமைகளில் அவனை நாற்காலியில் உட்கார வைத்து எதிரில் நானும் உட்கார்ந்து, பியரைப் பற்றிப் பேசுவேன். அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

துறைமுகத்தில் பனி உடைந்து கப்பல்கள் வரத் தொடங்கிய சமயம் பல மாதமாகத் தம்பியின் குரலே கேட்கவில்லையென்று லோயிஸ் உங்கள் போலீஸ் ஆட்களோடு வந்தாள். போன் செய்துவிட்டு வந்திருக்கலாம். வீடு கொஞ்சம் ஒழுங்கில்லாமல் இருந்தது.

ஆக, சர்க்கரை போட்டது நான். பழியை க்வென்மேல் விட்டது நான். தாழ்ப்பாள் போட்டதும் நான்தான். எதையும் மறுக்கவில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். இதையெல்லாம் அவன்மேல் உள்ள பாசத்தில் செய்தேன் என்றால் சிரிக்கிறீர்கள். அவன் அக்கா வீட்டில் எப்படி இருக்கிறான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? சாப்பாடு இறங்கவில்லை, ராத்தூக்கம் இல்லை, வாசலில் காலடிச் சத்தம் கேட்டாலே பேச்சை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கமே முகத்தைத் திருப்பி உட்கார்ந்துவிடுகிறான் என்று?

அதைத்தான் நானும் சொல்கிறேன், மேடம். நான் வந்துவிட்டேனா என்று பார்க்கிறான்.