பின்னால் மாட்டிய ஜோடி

எங்கள் கடைக்கு டயர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான், ஐயா. குனிந்து பார்ப்பார்கள், கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்துவார்கள், ஏதோ பிடிபட்டதுபோல் தலையாட்டுவார்கள். கறுகறுவென்று பளபளப்பாக இருந்து, மேலே வரி ஆழமாகவும் இருந்தால் அது நல்ல டயர். நானும் மறுத்துப் பேசியதில்லை.

என் தம்பி அப்படியில்லை. நாலு இடம் விசாரித்துவிட்டு வந்தான். அவனுடைய சிவப்புக் கார் இரண்டே பேர் உட்காரும் வேகக் கார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். டயர்கள் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் அவனுக்குப் பெரிய வேலை கிடைத்திருந்தது. சாமான்கள் லாரியில் போய்விட்டன. அவனும் அவன் மனைவியும் காரில் முன்னால் போய் வீட்டை ஒழுங்குபண்ணுவது, அதுவரை அவர்கள் மகள் பாப்பா என்னிடம் இருப்பது, அடுத்த வாரம் வந்து அவளையும் அழைத்துப்போவது என்று ஏற்பாடு.

கடையில் போனைக் காட்டிக் காட்டிப் பேசினான். "அண்ணே, இது வெயில்ல பசை மாதிரி ஒட்டுமாம், ஆனா சீக்கிரம் தேஞ்சிடுமாம். இது ரொம்ப நாள் உழைக்குமாம், சத்தம் ஜாஸ்தியாம். இது மழைக்குன்னே செஞ்சதாம். எனக்குத் தலையே சுத்துது."

முதலாளி கல்லாவிலிருந்து சிரித்தார். "பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்ட."

"அப்பவும் அண்ணன்தான் பாத்து முடிச்சது. இப்பவும் நீயே சொல்லுண்ணே."

மழைக்குச் செய்ததை எடுக்கச் சொன்னேன். மழைக்காலம், மலைப்பாதை, அதில் பொய் ஒன்றுமில்லை. நாலும் புத்தம் புதிது. தம்பி தொட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டு, சாப்பிடப் போய்விட்டான்.

எங்கள் கடை வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. அதே ரகத்தில், பின் சக்கரத்துக்கான அகல ஜோடி ஒன்று அதில் வருஷக்கணக்காக வெயில் தின்றுகொண்டு நின்றது. ஓடாத டயர் என்பதால் வரி துளியும் குறையவில்லை. ஆனால் ரப்பர் இறுகிப்போய்விட்டது, நகம் இறங்காது. ஈர ரோட்டில் அது சோப்புக்கட்டி. முதலாளியே சொல்லுவார்: "அது பார்வைக்கு நிக்கிற பொம்மை. எவன் கேட்டாலும் குடுத்துடாத, பாவம் வந்து சேரும்."

அந்த ஜோடியைக் கழுவி, கறுப்பு பாலிஷ் போட்டு, செய்த வருஷம் பொறித்த பக்கம் உள்ளே போகும்படி பின்னால் மாட்டினேன். முன்னால் மட்டும் புதியவை.

முன்னால் ஏன் நல்லதைப் போட்டாய் என்று கேட்டீர்கள். ஸ்டீயரிங் பிடிக்கிறவன் கைக்கு முன் சக்கரம்தான் சேதி சொல்லும். அது ஒட்டினால் வண்டியே ஒட்டுகிறது என்று நம்புவான்; நம்பினால்தான் விரட்டுவான். நாலும் கெட்டதாக இருந்தால் பயந்துபோய் உருட்டிக்கொண்டே ஊர் சேர்ந்திருப்பான். அந்தக் காரைத் தள்ளுவது பின் சக்கரம். ஈரமான வளைவில் அது விலகினால் விலகியதுதான்.

அவனுடைய புது ஜோடியைக் கண்ணாடிக் கூண்டில் நிறுத்தினேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், இறங்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"முன்னாடி சூப்பரா பிடிக்குதுண்ணே. பின்னாடிதான் லேசா ஆடுற மாதிரி இருக்கு."

"புதுச் செருப்பு கடிக்காதா? அந்த மாதிரிதான். மேல மெழுகு இருக்கும், உருட்டிக்கிட்டே போனா போகாது. நல்லா விரட்டு, சரியாயிடும்."

"நீ சொன்னா சரிண்ணே," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அவன்மேல் எனக்குக் கோபமே கிடையாது. மூட்டை தூக்கி நான் படிக்க வைத்த பிள்ளை. அவன் மனைவியும் தங்கமான பெண். ஆனால் பாப்பா தவழ ஆரம்பிப்பதற்குள் இரண்டு பேரும் வேலைக்கு ஓடிவிட்டார்கள். ரப்பர் வாடை போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு அவளுக்கு ஊட்டினவன் நான். என் வயிற்றின்மேல் படுத்துத்தான் அவள் தூங்கப் பழகினாள். புறப்படும் பேச்சு வந்த அன்று தம்பி மனைவி நல்ல மனசோடுதான் சொன்னாள்: "லீவு நாள்ல வந்து பாத்துட்டுப் போங்க மாமா. உங்கள மறந்தா போயிடுவா?"

மறந்துவிடுவாள், ஐயா. பிள்ளைகள் மறந்துவிடும்.

கிளம்புகிற நேரம் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. காரில் ஏறின பிறகு தம்பி மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "பாப்பாவ மடியில வச்சுக்கிட்டு இப்பவே கூட்டிட்டுப் போயிடட்டுமா மாமா?" என்றாள். பாப்பாவும் கையை நீட்டினாள்.

நான் விடவில்லை. "ரெண்டு பேர் போற வண்டி. பிள்ளை விஷயத்துல விளையாடக் கூடாதும்மா," என்றேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். அந்த அளவுக்குக் கவனமாக இருந்தவன் நான். கார் தெருமுனை திரும்பும்வரை பாப்பாவைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கை காட்டு கண்ணு, அம்மா பாக்குறா," என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு அவசரம் பண்ணிவிட்டேன். கார் போனதும் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டபோதே தலைமை ஆசிரியையைப் பார்த்து, "பாப்பா எங்கயும் போகலம்மா, இங்கேயேதான் படிப்பா," என்று சொல்லிவிட்டேன். மலையிலிருந்து போன் வந்தது மதியம். காலையிலேயே எனக்கு எப்படித் தெரியும் என்று அந்த அம்மா உங்களிடம் கேட்டதில்தான் இவ்வளவும் வந்தது. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன்.

கார் தடுப்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. மேலே தூக்கிக்கொண்டு வருகிறவரை தம்பிக்கு உயிர் இருந்ததாம், "அண்ணனுக்குச் சொல்லுங்க" என்றானாம். சொன்னார்கள். தம்பியையும் அவன் மனைவியையும் கொன்றது நான்தான். டயர்மேல் பழி போட வேண்டாம்.

பாப்பாவை ஏதோ விடுதியில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். புது இடத்தில் அவள் தூங்க மாட்டாள், ஐயா. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டு நான் கிளம்புவேன். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை. என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?