தலையைக் கடைசியாத்தான் வெக்கணும்

இல்ல டீச்சர், உங்களைப் பாத்து முறைக்கல. இந்தக் கேமைப் பாத்து முறைச்சேன், நிமிந்த நேரத்துல பக்கத்துல நீங்க இருந்தீங்க, அவ்வளவுதான். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க டீச்சர்னு எப்படித் தெரியுமா? சிஸ்டர்தான் சொன்னாங்க. புதுசா ஒருத்தங்க வர்றாங்க, டீச்சரு, டயாலிசிஸ்க்கு இன்னைக்குத்தான் முதல் நாளு, பயந்து போயிருக்காங்க, நீங்க தொணதொணன்னு பேசி அவங்க உயிரை வாங்காதீங்கன்னு எனக்கு வார்னிங் குடுத்துட்டுத்தான் உங்களை அந்த சேர்ல உக்கார வெச்சாங்க. அதான் இருபது நிமிஷம் வாயை மூடிட்டு இருந்தேன். அதுக்கு மேல நம்மால ஆகாது.

அந்தக் கையை மடக்காதீங்க. ஊசி போட்ட கையை மடக்கினா மெஷின் கத்தும், சிஸ்டர் ஓடி வருவாங்க, அப்புறம் அவங்களும் கத்துவாங்க. ஆங், அப்படியே நேரா வெச்சுக்கோங்க. குளிருதா? குளிரும். ரத்தம் வெளிய போய்ச் சுத்திட்டு உள்ள வருதுல்ல. அடுத்த தடவை வீட்லருந்து ஒரு போர்வை கொண்டாந்துடுங்க, இவங்க குடுக்கறது கர்சீப் சைஸ்லதான் இருக்கும்.

கேமா? சொல்றேன். சிரிக்கக் கூடாது. கட்டைகளை அடுக்கி அடுக்கி வீடு கட்டுவாங்கல்ல, அந்தக் கேம். மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், எல்லாமே சதுரம் சதுரமா இருக்கும். சூரியன்கூட சதுரம்தான். எனக்கு அம்பத்தோரு வயசு டீச்சர். லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரெண்டு வருஷம் அத்தனை மாடிக் கட்டடத்துலயும் தொங்கிட்டு வேலை பாத்த ஆளு, இப்ப ஒரு கையை மெஷினுக்குக் குடுத்துட்டு இன்னொரு கையால பொம்மைக் கட்டையை அடுக்கிட்டு இருக்கேன். அதுவும் ஒழுங்கா அடுக்கத் தெரியல.

இதுல என்னை இழுத்து விட்டவரு டெய்லர் அண்ணன். இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அது அவரு சேருதான். ஐயையோ, எந்திரிக்காதீங்க, ஆளு நல்லா இருக்காரு! அவருக்கு கிட்னி கெடைச்சிருச்சு. ஏழு வாரம் ஆச்சு. யாரோ ஒரு குடும்பம், அவங்க வீட்ல ஒரு சாவு விழுந்த நேரத்துலயும் மனசு வெச்சுக் குடுத்தது. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு வீட்ல இருக்காரு. இந்த சேர்ல உக்காந்தவங்களுக்கு நல்லதுதான் நடக்கும்னு வெச்சுக்கோங்களேன்.

ரெண்டரை வருஷம் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருந்தோம். வாரத்துக்கு மூணு நாளு, நாளுக்கு நாலு மணி நேரம். கூடப் பொறந்தவன்கிட்ட நான் அவ்வளவு பேசினதில்ல. பேச்சு தீர்ந்து போனப்ப அவரு பொண்ணு போன்ல இந்தக் கேமைப் போட்டுக் குடுத்துச்சு. ஊரு என் போன்ல இருக்கும், அவரு அவரு போன்லருந்து உள்ள வருவாரு. எடம் தேடி அலைஞ்சு ஆத்தோரமா ஒரு கிராமத்தைப் பிடிச்சோம். அதுல ஆளுங்க இருப்பாங்க, பெரிய மூக்கை வெச்சுக்கிட்டு ஹ்ம் ஹ்ம்னு நடப்பாங்க. பதினோரு பேரு. அண்ணன் ஒவ்வொருத்தருக்கும் பேரு வெச்சாரு, அவரு கஸ்டமருங்க பேசறதையே பேரா வெச்சாரு. ஒருத்தன் பேரு லூசாயிடுச்சு. இன்னொருத்தன் டைட்டாயிடுச்சு. எப்பப் பாத்தாலும் அவசரமா ஓடற ஒருத்தன், அவன் பேரு நாளைக்கே வேணும்.

சிரிச்சிட்டீங்க பாத்தீங்களா.

ஆனா கேம்ல இருட்டினா பேய்ப் பொணம் கணக்கா சிலது கெளம்பி வரும், கதவை ஒடைக்கும், இந்த அப்பாவிங்களைக் கொன்னு போட்டுட்டுப் போயிடும். அதுக்கு ஒரே வழி காவல் பூதம். இரும்புல செய்யணும். நாலு இரும்புக் கட்டை. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு, ரெண்டு பக்கமும் கைக்கு ஒண்ணு ஒண்ணு. அது மேல பூசணிக்காயைத் தலையா வெச்சா எந்திரிச்சு நடக்கும், ஊரையே சுத்திச் சுத்திக் காவல் காக்கும். ஒரு கட்டைக்கு ஒம்பது துண்டு இரும்பு. அதைச் சுரங்கத்துல போய்த் தோண்டணும், உருக்கணும். இதை ஒத்தைக் கட்டைவிரலால பண்ணணும் டீச்சர், ஒத்தைக் கட்டைவிரலால!

பண்ணேன். எந்திரிக்கல.

முதல் தடவை பூசணிக்காயை அந்தரத்துல வெச்சுட்டு அதுக்குக் கீழ உடம்பைக் கட்டினேன். லிஃப்ட்ல அப்படித்தான், மேல மோட்டாரை மாட்டிட்டுத்தான் கீழ பொட்டியைத் தொங்க விடுவோம். அந்தப் பழக்கத்துல செஞ்சுட்டேன். இதுல அது ஆகாதாம், தலையைக் கடைசியாத்தான் வெக்கணுமாம். சரின்னு ஒடைச்சுக் கட்டினேன், தலையைக் கடைசியா வெச்சேன். அப்பவும் கல்லு மாதிரி நிக்குது. என்னடான்னு பாத்தா முழுப் பூசணிக்காயை வெச்சிருக்கேன். அதுல கத்தரியால கண்ணு, மூக்கு, வாய் வெட்டணுமாம். கத்தரின்னதும் அண்ணன் பறந்து வந்தாரு. நகருய்யா, இது என் வேலைன்னு சொல்லி அவரே வெட்டிக் குடுத்தாரு. அதையும் வெச்சேன். ம்ஹூம்.

ஒரு லிஃப்ட் நின்னு போச்சுன்னா உள்ள போர்டுல ஒரு நம்பர் காட்டும் டீச்சர். கதவுல கோளாறா, பிரேக்ல கோளாறான்னு சொல்லும். இது எதுவுமே சொல்லாது. கம்முனு நிக்கும். எனக்கு மண்டை காஞ்சு போயிடும். யார்கிட்டயாவது கேக்க வேண்டியதுதானேங்கறீங்களா? என் மெக்கானிக் புத்தி விடுமா? ஒரு பொம்மையை எழுப்பறதுக்கு நான் போய் இன்னொருத்தன்கிட்ட நிக்கறதா?

அதுக்குள்ள அண்ணன் கெளம்பிட்டாரு. போனவரு போனவருதான். கேம் பக்கமே வரல. ஆபரேஷன் பண்ண ஆளு, வரக் கூடாதுதான், புரியுது. ஆனா நான் ஒண்டி ஆளு என்ன பண்ணுவேன்? பதினோரு பேரு ஒம்பதாச்சு, ஏழாச்சு. லூசாயிடுச்சு போயிட்டான். டைட்டாயிடுச்சு கிணத்துக்கிட்டயே செத்தான். இப்ப மிச்சம் நாலு பேரு. நாலே நாலு. அண்ணன் போன்ல ஊரு எப்படிய்யா இருக்குன்னு கேட்டாரு. சூப்பரா இருக்குண்ணேன்னு வாய் கூசாம பொய் சொன்னேன்.

அவரு இன்னைக்கு வர்றாரு, அதான் இந்தப் பதட்டம். மேல் மாடியில டாக்டர்கிட்ட செக்கப்பு. முடிச்சிட்டுக் கீழ வந்து உன்னையும் ஊரையும் பாத்துட்டுத்தான் போவேன்னு சொல்லியிருக்காரு. வந்து இந்த எழவெடுத்த ஊரைப் பாத்தா அவரு மூஞ்சி எப்படிப் போகும்? பேரு வெச்சவரு டீச்சர். ஒரு பூதமாவது நின்னா, அண்ணே கொஞ்சம் பேரு போயிட்டாங்க, மிச்சத்தைக் காப்பாத்திட்டேன்னு சொல்லலாம். அதுக்குத்தான் காலைலருந்து இந்த அடி அடிக்கறேன்.

பொறாமையா? இருக்காதா பின்ன? அவரு இப்ப ஒரு சொம்புத் தண்ணியை அண்ணாந்து மடக்கு மடக்குன்னு குடிக்கலாம். நான் ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸ்னு அளந்து வெச்சு, நாக்கு ஒட்டிக்கிச்சுன்னா ஐஸ் கட்டியை வாயில போட்டுட்டு உக்காந்திருக்கேன். வயித்தெரிச்சல் இருக்கு, இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா அந்த ஆளு நல்லா இருக்கணும். ரெண்டும் சேர்ந்துதான் இருக்கு, என்ன பண்றது.

எங்க, பாருங்க, வந்து பாருங்க. வர முடியாதுல்ல, சரி, போனை உங்க பக்கம் சாய்க்கறேன். இதான் பூதம். கால் இருக்கா, நெஞ்சு இருக்கா, கை ரெண்டு இருக்கா. எதுல தப்பு, சொல்லுங்க? உங்க தொழிலே தப்பு கண்டுபிடிக்கறதுதானே.

எது? இந்தப் பச்சையா? அது புல்லு. வயக்காட்டு ஓரம்தானே, மொளைக்கும். இல்ல, அது ஒண்ணும்... கைக்குக் கீழ எடம் காலியா இருக்க வேண்டாமான்னா?

இருங்க.

இருங்க இருங்க. லிஃப்ட் பொட்டிக்குக் கீழ குழியில ஒரு செங்கல்லு கெடந்தாக்கூட எறக்க மாட்டோமே. இதை நான் யோசிக்கவே இல்லையே! அந்தப் போன் ஓரத்தைக் கொஞ்சம் பிடிங்க, வழுக்குது. உங்க சும்மா இருக்கற கையால பிடிங்க, அந்தக் கை இல்ல! ஆங். தலையை எடுத்துட்டேன். புல்லை வெட்டறேன். இந்தப் பக்கம் ஒண்ணு. அந்தப் பக்கம் ஒண்ணு. அடச்சீ, ரெண்டு புல்லு, ரெண்டே ரெண்டு புல்லு, இதுக்கா இத்தனை நாளு... சரி. தலை. ஆட்டாதீங்க. வெக்கறேன்.

ஏய்! எந்திரிச்சிருச்சு! டீச்சர், எந்திரிச்சிருச்சு! நடக்குது பாருங்க, கையை வீசிட்டு எப்படி நடக்குது பாருங்க, ரவுடி மாதிரி! ஒண்ணுமில்ல சிஸ்டர், மெஷின் சும்மாதான் கத்துது, கையைக் கொஞ்சம் மடக்கிட்டேன். நீட்டிட்டேன் சிஸ்டர். சத்தியமா இனிமே மடக்க மாட்டேன். இல்ல, டீச்சரை நான் தொந்தரவு பண்ணல, அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. கேட்டுப் பாருங்க.

போயிட்டாங்க. அப்பாடா.

ரொம்ப தேங்க்ஸ் டீச்சர். நெஜமா. உங்களுக்கு இது வெளையாட்டா இருக்கும், எனக்கு இப்பத்தான் மூச்சே வருது. நீங்க ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கலாம்.

ஏன்னா? ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்.

உங்க பேரையும் கிட்னிக்குக் காத்திருக்கறவங்க லிஸ்ட்ல எழுதிட்டாங்களா? எழுதியாச்சா, நல்லது. எனக்கு நாலு வருஷம் ஆச்சு. எப்ப கூப்பிடுவாங்கன்னு யாரும் சொல்ல முடியாது. நாளைக்கும் கூப்பிடலாம், வருஷம் கழிச்சும் கூப்பிடலாம். அதனால ஒண்ணு சொல்றேன், அதை மட்டும் கேட்டுக்கோங்க. போன் சத்தத்தைக் கொறைக்கவே கொறைக்காதீங்க. கிளாஸ்ல இருந்தாலும் சரி, ஹெட்மாஸ்டர் திட்டினாலும் சரி. ரெண்டாவது நம்பர்னு ஒண்ணு எழுதச் சொல்லுவாங்க, அது ஓடற நம்பரான்னு பாத்து எழுதுங்க. நான் குடுத்த ரெண்டாவது நம்பர் என்னைக்கோ போயிடுச்சு, மாத்தணும் மாத்தணும்னே நாளை ஓட்டிட்டேன். தெரியாத நம்பர்லருந்து கால் வந்தா எடுத்துடுங்க. எதையாவது விக்கறவனா இருந்தாலும் பரவால்ல, எடுத்து ரெண்டு வார்த்தை திட்டிட்டு வெச்சுடுங்க. கட் மட்டும் பண்ணாதீங்க.

நான் கட் பண்ணேன்.

மூணு தடவை. ஞாயித்துக்கிழமை மத்தியானம், வீட்ல உக்காந்து இதே பூதத்தைத்தான் கட்டிட்டு இருந்தேன். தலையை வெக்கப் போறேன், சரியா அந்த எடத்துல திரை மேல ஒரு நம்பர் வந்து உக்காருது. கட் பண்ணேன். திரும்ப வெக்கப் போறேன், திரும்ப வருது. எனக்கு வந்த கடுப்புல மூணாவது தடவை திட்டிட்டே கட் பண்ணேன். சாயங்காலம் ஏதோ உறுத்திச்சு, திருப்பி அடிச்சேன். கிட்னி லிஸ்ட் பாக்கற அம்மாதான் எடுத்தாங்க, பாவம், தயங்கித் தயங்கிச் சொல்றாங்க. சார், உங்களுக்குத்தான் முதல்ல வந்துச்சு, ரத்தமெல்லாம் சரியா பொருந்திச்சு, கிட்னி ரொம்ப நேரம் தாங்காது சார், அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டோம்னு. அடுத்த பேரு யாருன்னு அவங்க சொல்லல, சொல்லவும் மாட்டாங்க. மறுநாள் இங்க வந்து பாத்தேன், அண்ணன் சேரு காலியா இருந்துச்சு.

இல்ல டீச்சர், யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லல. எப்படிச் சொல்றது? என்னன்னு சொல்றது? அண்ணனுக்குச் சொல்லவே முடியாது. ஆபரேஷன் முடிஞ்சு பேசற அளவுக்குத் தேறினதும் அவரு முதல் போன் எனக்குத்தான் போட்டாரு. அழுகையோட சொல்றாரு, யாரோ முதல் ஆளு போனை எடுக்கலையாம்ப்பா, அந்தப் புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்துடுவேன்னு. நானும் ஆமாண்ணே, யாரோ பாவம்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

கண்ணைத் தொடைங்க டீச்சர். சீக்கிரம். கண்ணாடிக் கதவுக்கிட்ட நிக்கறாரு பாருங்க, அந்த நீலச் சட்டைக்காரருதான்.

அண்ணே! வாங்கண்ணே! ஊரு நல்லா இருக்குண்ணே, பூதம் எந்திரிச்சிருச்சு! இருங்க, போனை சிஸ்டர்கிட்ட குடுத்து விடறேன், அங்கயே நின்னு பாருங்க. உள்ள வராதீங்கண்ணே, இங்க நாங்க எல்லாரும் இருமிட்டு இருக்கோம். மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்க. இன்னும் மேல. அந்தக் கிட்னிக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுல்ல.