ஆஸும் ஆறும்

இதை எனக்கு முதல்ல சொன்னது எங்க வீட்டுக்காரர் கொஸ்தாதின்தான். போன வருஷம் புனித நிக்கோலா திருநாளன்னிக்கு, மீன் சாப்பிட்ட கையோட. மேஜை விரிப்பு மேலயே சீட்டைப் போட்டு, ஆஸ் பதினொண்ணு, பக்கத்துல ஆறு, மொத்தம் பதினேழு, இன்னொரு சீட்டு கேப்பியா மாட்டியான்னாரு. போதுங்க, இருபத்தொண்ணைத் தாண்டிட்டா போச்சேன்னேன். அடி போடி, தாண்டினா ஆஸ் ஒண்ணா சுருங்கிக்கும், எந்தச் சீட்டு வந்தாலும் ஆட்டம் போகாது, இதுக்குப் பயப்படறவன் வீட்ல உக்காந்து பட்டாணி உரிக்கலாம்னு சிரிச்சாரு.

நீ சிகரெட்டைப் பிடிம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. ஸ்லாவிட்சாதானே நீ? சீட்டுப் போடுற பொண்ணு, கன்னத்துல மச்சம் இருக்கும், சூதாட்ட விடுதிப் பின்வாசல்ல நிப்பான்னு மித்ரே சொன்னாரு. மித்ரேயைத் தெரியும்ல, எங்க வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலி, வழுக்கை.

ஐயோ, சண்டைக்கு வரலம்மா. அவரு ஆடறதைப் பத்தி நான் மாதாகிட்ட தனியா பேசிக்கிறேன். இப்ப ஆஸ்பத்திரியிலருந்து வர்றேன். ஆமா, அவருக்குத்தான். உனக்கு எப்படித் தெரியும், நீ அதுக்குள்ள வேற மேஜைக்கு மாறிட்டியாமே. அதுக்கப்புறம்தான் நாற்காலியிலருந்து சரிஞ்சு விழுந்திருக்காரு. மூச்சு இருக்கு. பேச்சு இல்ல. வலது கை துணி மாதிரி கிடக்கு.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு அவருக்கு ஆஸும் ஆறும் போட்டியா? உன் பக்கம் ராஜாவாம், பத்து. கொஸ்தாதின் கிழவனாயிட்டான், பதினேழுல பாய் விரிச்சுப் படுத்துட்டான்னு மித்ரே கிண்டல் பண்ணினாராமே... ஞாபகம் இருக்கா? நீயும் சிரிச்சியா? பரவால்லம்மா. ஆஸ்பத்திரி வராந்தாவுல அந்த மித்ரேயே இதைச் சொல்லித்தான் என்னைத் தேத்தப் பாத்தாரு. நான் உடனே அவரை வண்டியை எடுக்கச் சொன்னேன்.

கையை இப்படி, துணிமேல வழிச்ச மாதிரி காட்டினாரா? அதானே. உங்க மேஜையில வாய்ப்பேச்சு செல்லாது, விரலால தட்டினா சீட்டு, கையை வீசினா வேணாம். அதையும் அவருதான் சொன்னாரு. நீ கையைத்தான் பாக்கணும், கையைத்தான் பாத்தே. உன்மேல ஒரு குத்தமும் இல்ல.

ஆனா அவரு வேணாம்னு சொல்லலம்மா. ஆஸும் ஆறும் கையில இருந்தா செத்தாலும் சொல்லமாட்டாரு. தட்டத்தான் கையை வச்சிருக்காரு. விரல் எந்திரிக்கல. கை தானா வழுக்கியிருக்கு.

அதுக்கப்புறமும் எல்லா ஆட்டத்துக்கும் வாயைத் திறக்காம, கையை அப்படியேதான் வழிச்சாராமே. கோவம்னு நெனச்சு யாரும் பேச்சுக் குடுக்கலையாம்.

டாக்டர் சின்னப் பையன், நல்ல பையன். ரத்தக்கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்காம். வியாதி ஆரம்பிச்சு கொஞ்ச மணி நேரத்துக்குள்ள போட்டா கையும் பேச்சும் திரும்பலாமாம். நேரம் தாண்டிப் போட்டா தலைக்குள்ள ரத்தம் கொட்டிடுமாம். விழற வரைக்கும் நல்லாத்தான் இருந்தான்னு மித்ரே சொல்லிட்டாரு, அதை நம்பி ஊசி போடத் தயாராயிட்டாங்க. நான்தான் கையெழுத்துப் போடாம, கொஞ்சம் பொறுங்கன்னுட்டு ஓடி வந்தேன். பிள்ளைங்க ஸ்வீடன்லருந்து ஃபோன்ல கத்துதுங்க, போடச் சொல்லும்மா, உனக்கு என்ன தெரியும்னு.

எனக்கு என்ன தெரியும். நான் எட்டாவதோட நின்னவ. அந்தச் சீட்டுதான் ஆரம்பம்னு மட்டும் தெரியும். நான் அந்த நேரத்தைச் சொன்னா, காலம் தாண்டிப்போச்சு, ஊசி கிடையாதுன்னு டாக்டர் சொன்னாலும் சொல்லுவாரு. அப்ப அந்தக் கை அப்படியேதான். சொல்லலேன்னா ஆளே போயிடலாம். வர்ற வழியெல்லாம் மாதாவை, அது இப்ப கொஞ்சம் முன்னாடி நடந்ததா இருக்கட்டும்னு கேட்டுக்கிட்டே வந்தேன். நடந்து முடிஞ்சதுக்கு வேண்டிக்கலாமோ கூடாதோ.

இங்க ஃபோன் பண்ணினேன்மா, விருந்தாளிங்க விவரம் சொல்லமாட்டோம்னு வச்சுட்டாங்க. மேஜைக்கு மேஜை கேமரா இருக்குல்ல, அதுல மணியும் ஓடும்ல? மித்ரே வாசல்ல வண்டி எஞ்சினை அணைக்காம வச்சிருக்காரு.

சிகரெட்டை இப்படிக் குடு, நான் பிடிச்சுக்கறேன். நீ உள்ள போயி, அப்ப மணி எத்தனைன்னு மட்டும் பாத்துட்டு வாம்மா.