நல்ல இடமாகப் பார்த்து

அந்தச் சாவிக்கொத்தில் சின்னதாக இருப்பது பின்கதவுச் சாவி. முன்கதவு மழையில் ஊறிப் பருத்திருக்கிறது, சட்டென்று திறக்காது. என் நாய்க்குச் சாப்பாடு வைக்க யாராவது போவதாக இருந்தால் பின்பக்கமாகப் போவதுதான் சுலபம். நேற்று மதியம் நீங்கள் என்னை அழைத்துவந்தபோது ஒரு சட்டி தண்ணீர் மட்டும்தான் உள்ளே இருந்தது. அவன் சாது. பெயர் கிடையாது, 'டேய்' என்றால் வருவான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நாய் பூனைகளுக்கான ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடமாகக் கம்பவுண்டராக இருக்கிறேன். டாக்டர் உள்ளே ஊசி போடுவார், நான் வாயையும் காலையும் பிடித்துக்கொள்வேன். டாக்டர் நல்லவர். நோய் இல்லாத பிராணியைக் கொல்லமாட்டார். வீடு மாறுகிறோம், குழந்தை பிறந்திருக்கிறது, வீட்டுக்காரர் கூடாதென்கிறார் என்று வருகிறவர்களிடம், "நல்லா இருக்கிற ஜீவன் மேல நான் கை வைக்கமாட்டேன், வேற இடம் பாருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார். அவருக்கு அதோடு முடிந்தது. அவர்கள் வெளியே வந்து என் மேசைக்கு முன்னால் நிற்பார்கள். "யாராவது நல்ல இடமா பாத்துக் குடுத்துடுங்க" என்பார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கச் சொல்கிற அதே குரல்.

நான் பார்க்கவும் செய்தேன். முதல் இரண்டு வருடம் என் விடுமுறை நாளெல்லாம் அதற்கே போனது. ஒவ்வொரு வீடாகப் போய், சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம், பகலில் யார் இருப்பார்கள், குழந்தைகள் வாலைப் பிடித்து இழுக்கிற ரகமா என்றெல்லாம் விசாரிப்பேன். பெண்ணைப் பெற்றவன்கூட அப்படித் துருவியிருக்க மாட்டான்.

ஒரு பழுப்பு நாயை ஒரு சரக்குக் கிட்டங்கிக்காரரிடம் கொடுத்தேன். பெரிய வளாகம், ஓடியாடலாம் என்று நினைத்தேன். ஏழு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது எட்டிப்பார்த்தேன். இரண்டு முழச் சங்கிலியில் ஒரு இரும்புத் தூணோடு கட்டிவைத்திருந்தார்கள். தூணைச் சுற்றித் தரை வட்டமாகத் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. கழுத்துப் பட்டை சதைக்குள் போயிருந்தது. ஆனாலும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு வாலை ஆட்டியது.

பிறகு, நான் கொடுத்த மற்ற இடங்களுக்கும் போய்ப் பார்த்தேன். ஒன்றை மொட்டைமாடியில் விட்டிருந்தார்கள். ஒன்றைக் குட்டி போடவைத்து விற்பதற்காகவே வைத்திருந்தார்கள். இரண்டை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார்கள், யாரென்று நினைவில்லையாம். நல்ல இடம் என்று ஒன்று இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். நீங்கள் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்து வந்தது ஒரு வெள்ளைப் பொமரேனியன். கொண்டுவந்த அம்மா அழுதுகொண்டே நின்றார். வண்டியில் வாந்தி எடுக்காமலிருக்கப் பயண ஊசி போடுகிறேன் என்று சொல்லி அவர் கண்முன்னாலேயே அதை மயங்கவைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய், மடியில் வைத்துக்கொண்டு, டாக்டருடைய அலமாரி மருந்தால் மீதி வேலையை முடித்தேன். அதற்கு ஒரு வலியும் இல்லை. பின்பக்கம் இடம் இருந்தது.

மாலையில் அந்த அம்மா போன் செய்தார். "போய்ச் சேந்துட்டானா?" என்று கேட்டார்.

"நல்லபடியா போய்ச் சேந்துட்டாம்மா," என்றேன்.

போனை வைத்த பிறகுதான், நான் பொய் சொல்லவில்லை என்பது எனக்கே உறைத்தது. உண்மையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்கப்புறம் எல்லோருக்கும் அதே வாக்கியம்தான், ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அவர்களும் வேறெதையும் கேட்கவில்லை. கொடுத்த அன்று ஒரு போன் வரும். ஒரு வாரம் கழித்து ஒன்று வரும். மூன்றாவது போன் அனேகமாக வராது.

என் நாயை மட்டும் ஏன் விட்டேன் என்று உங்கள் ஏட்டு கேட்டார். சிலர் படம் கேட்பார்கள், அதற்கு ஒரு நாய் வேண்டியிருந்தது. கறுப்பு, நடுத்தர உயரம், பின்பக்கமிருந்து எடுத்தால் பாதி நாய்கள் அவனைப் போலத்தான் இருக்கும். தவிர, அவனுக்கு நான் இருந்தேன். மற்றவற்றுக்கு யார் இருந்தார்கள்?

இப்போது டைப் டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன். தட்டச்சுப் பள்ளி நடத்தி ஓய்வு பெற்றவர். அவருடைய கறுப்பு நாய்க்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். சாப்பாடு அஞ்சு நிமிடம் தாமதமானால் முறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்காருமாம், அதனால் அந்தப் பெயர். மகன் அவரை ஒன்பதாவது மாடி வீட்டுக்கு அழைத்துக்கொண்டான். அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. என் மேசைமேல் சங்கிலியை வைத்துவிட்டு, "மாப்பிள்ளைக்குப் பொண்ணு வீடு பாக்கிற மாதிரி பாக்கணும் தம்பி. ரோஷக்காரன். ஒரு வார்த்த பொறுக்கமாட்டான்," என்றார். பயண ஊசி போடும்போது அதன் காதில் ஏதோ சொன்னார்.

அவர் மூன்றாவது போனோடும் நிற்கவில்லை. ஞாயிறுதோறும் ஒரு செய்தி வரும். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வைத்து, தட்டச்சுத் தேர்வுக்கு அடித்ததைப் போல. 'மாப்பிள்ளை நலமா? தயவுசெய்து ஒரு படம் அனுப்பவும்.' நானும் என் நாயைப் பின்பக்கமிருந்து எடுத்து அனுப்புவேன். பதினோரு படம் அனுப்பியிருப்பேன். ஒரு ஞாயிறு போனில், "ஒரு படத்துலகூட மூஞ்சியக் காட்டமாட்டேங்கிறானே. எம்மேல இன்னும் கோவம் தீரல தம்பி," என்றார்.

அவரும் சந்தோஷமாக இல்லை. மருமகள் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவாளாம், பாதுகாப்புக்காக. பகல் முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்றார். எனக்கு அந்தத் தூணும் வட்டப் பள்ளமும்தான் ஞாபகம் வந்தன.

போன மாதம் ஒரு மதியம், டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், டீச்சர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் துணிப்பை. அதில் மாப்பிள்ளையின் தட்டு, ஒரு போர்வை, புதுக் கழுத்துப் பட்டை.

"இடம் கெடச்சிடுச்சு தம்பி," என்றார். மூச்சு வாங்கியது. "கீழ்வீடு. ஒரே ரூமுதான். ஆனா பின்னால ஒரு பிடி மண்ணு இருக்கு, அவனுக்குப் போதும். வீட்டுக்காரம்மாவும் நாய்னா உசிர விடுறவங்க. மகன்கிட்ட சொல்லிட்டேன், நான் தனியா இருந்துக்கிறேன்னு. அவனை எப்பக் கூட்டிட்டு வரலாம்?"

பதினான்கு வருடத்தில் நான் பார்த்த ஒரே நல்ல இடம் அது. அதை அவரே தேடிக்கொண்டு வந்து நின்றார்.

நான் யோசித்தேன். செத்துவிட்டது என்றால் எங்கே புதைத்தீர்கள், கூட்டிப்போங்கள் என்பார். ஓடிப்போய்விட்டது என்றால் தெருத் தெருவாகத் தேடுவார், தேடக்கூடியவர். நாயை எடுத்துக்கொண்டவர்கள் திருப்பித் தரமாட்டார்கள் என்றேன். "நான் பேசிக்கிறேன்," என்றார். ரொம்பத் தூரம் என்றேன். "பரவால்ல," என்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அந்த அறையில் கதவு ஒன்றுதான், அதில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் அவரே சொன்னார். "சரி, அவனை இங்க கொண்டுவர வேண்டாம். அவன் இருக்கிற எடத்துக்கே என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்க தம்பி."

இதே வார்த்தைகள். எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டியில் என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவருக்குத் தலை சுற்றியது. வண்டிப் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மேற்கொண்டு போகலாம் என்று உள்ளே அழைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, என் நாயைப் பார்த்தார். அவன் போய் அவர் மடியில் தலையை வைத்தான். முன்னும் பின்னுமாக அவனைத் திருப்பிப் பார்த்தார். முதுகைப் பார்த்ததும் அவர் கை நின்றது. பட்டையைப் பையிலிருந்து எடுத்து, மறுபடி உள்ளே வைத்தார்.

வெகுநேரம் கழித்து, "மாப்பிள்ளைக்கு வாந்தி வராம இருக்க ஒரு ஊசி போட்டீங்களே, அத மனுசங்களுக்கும் போடுவீங்களா?" என்று கேட்டார். சிரிக்கிற குரலில்தான் கேட்டார். முகம் சிரிக்கவில்லை.

"போடலாம்மா," என்றேன்.

சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினார். நான் போட்டேன். மயங்கிய பிறகு மற்ற மருந்தும் கொடுத்தேன். மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், மதிலை ஒட்டி இடமிருந்து மூன்றாவது. போர்வையும் தட்டும் கூடவே இருக்கின்றன. டீச்சரைத் தவிர அங்கே இருப்பவை முப்பத்தொன்று. நான்தான் செய்தேன், வேறு யாருக்கும் பங்கில்லை.

அன்று மாலை மகன் போன் செய்தான். "அம்மா உங்க ஆஸ்பத்திரிக்கு வர்றதா சொன்னாங்களே?"

"நல்லபடியா போய்ச் சேந்துட்டாங்க சார். அவங்க நாய் இருக்கிற எடத்துல இருக்காங்க."

"நல்ல எடம்தானே?" என்றான். ஆமாம் என்றேன். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பேசினான். மூன்றாவது போன் வரவில்லை. குடிவர வேண்டியவர் வரவில்லையே என்று வீடு வீடாகக் கேட்டு, உங்களிடம் வந்து எழுதிக்கொடுத்தது அந்தக் கீழ்வீட்டு அம்மாதான். டீச்சரை இரண்டே தடவை பார்த்தவர்.

அந்த அம்மா இரக்கப்பட்டுக் கேட்டாலும் என் நாயைக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்ல வந்தேன். இல்லை, அவரிடமே கொடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் நீங்களே அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மண் இருக்கிறதா, மதில் எவ்வளவு உயரம், பகலில் யார் இருப்பார்கள். சங்கிலி பத்து முழத்துக்குக் குறையக்கூடாது, கட்டாமலிருந்தால் இன்னும் நல்லது. நேற்றிலிருந்து பூட்டின வீட்டுக்குள் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அது எனக்குத் தாங்கவில்லை. ஒரு வாரம் போனதும் படம் ஒன்று எடுத்துவந்து காட்டுங்கள், முகம் தெரிகிற மாதிரி.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று மட்டும் யாரும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.