தன் குரலைத் தானே திருத்தியவருக்கு

நாற்பது ஒளியாண்டுத் தொலைவை நாவால் அளந்த நற்றமிழே! விண்மீன்களை விருந்தினராக்கி எங்கள் கூரைக்குக் கீழே அமர்த்திய வித்தகியே! கிளைவ் ஸ்திரீட் கோளரங்கின் தமிழ்க் குரலே, திருமதி உம்மு சல்மா அவர்களே!

முப்பத்தோராண்டுப் பணி நிறைவில் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவீர்கள். ஆகவே சபையோரிடமே சொல்கிறோம். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

டிராப்பிஸ்ட்-1 என்னும் மங்கிய செந்நிற விண்மீனை ஏழு கோள்கள் சுற்றுகின்றன என்ற செய்தி 2017இல் வந்ததும், அந்தக் காட்சிக்குக் குரல் கொடுத்தவர் எங்கள் சல்மா அக்கா. அதன் முதற்கோளில் ஓராண்டு என்பது ஒன்றரை நாள்தான். அந்தக் கணக்கில் அக்காவின் பணிக்காலம் ஏழாயிரத்து ஐந்நூறு ஆண்டு, அடேயப்பா! அந்த முதற்கோளைப் பற்றித்தான் பதிவில் கணீரென்று சொல்லியிருந்தார்: "கனத்த காற்று இதைப் போர்த்தியிருக்கும்."

2023இல் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது, அங்கே சொல்லும்படியான காற்று இருப்பதாகத் தெரியவில்லை. அன்று பிடித்தது அக்காவுக்குக் கவலை. பதிவை மாற்ற அனுமதி வருவதற்குள் எத்தனை பிள்ளைகள் தன் பேச்சை நம்பிப் போய்விடுவார்களோ என்று. ஒவ்வொரு காட்சியிலும் அந்த வரி வந்ததும் இருட்டிலேயே எழுந்து நின்றார்.

"மன்னிக்கணும் பிள்ளைங்களா, அது நான் எப்பவோ பேசினது. காத்து இருக்கிற மாதிரி தெரியல."

ஒருநாள் ஒரு சிறுமி கேட்டாள்: "ஆன்ட்டி, ரெண்டு பேருமே நீங்கதானே? யாரை நம்புறது?"

"இப்ப நிக்கிறவளை நம்பு. ஆனா அதுவும் மாறலாம் லா."

ஓய்வு நெருங்க நெருங்க அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. ஆங் மோ கியோ வீட்டிலிருந்து வரும் ரயிலில் இரண்டு முறை இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டார். சென்ற வாரம் ஒலிப்பதிவு பார்க்கும் முத்துராமனைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போனப்புறமும் பதிவுல இருக்கிற அவ பொய் சொல்லிட்டே இருப்பாளே, தம்பி!"

"புதுசா பதிஞ்சிடலாம்க்கா. அனுமதி வந்துடுச்சு."

"அடுத்த வருஷம் வேற மாதிரி தெரிஞ்சா? எந்திரிச்சு நிக்க யாரு இருக்கா?"

முத்துராமன் அந்தக் கேள்வியை எங்கள் எல்லோரிடமும் கொண்டுவந்தார்.

அக்கா, பொன்னாடையும் சட்டம் போட்ட இம்மடலும் சம்பிரதாயத்துக்கு. நாங்கள் உண்மையில் செய்தது வேறு. நேற்று அந்த வரியிலிருந்து உங்கள் குரலை வெட்டி எடுத்துவிட்டோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்! அவ்விடத்தில் இருபது விநாடி மௌனம் விட்டிருக்கிறோம். அன்றன்றைக்கு என்ன தெரியுமோ அதை எங்களில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். படிக்காமல் வந்தவர் இருட்டில் நன்றாக மாட்டிக்கொள்வார்.

உடல் நலத்தோடும் உள்ளத்து நிம்மதியோடும், குறிப்பாக நல்ல உறக்கத்தோடும், நீடூழி வாழ்க!

இன்று மாலைக் காட்சியில் எங்களில் முதலாவதாக லீலா எழுந்து நிற்கிறார். காலையிலிருந்தே படித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள்.

இப்படிக்கு,
கோளரங்க ஊழியர்கள் அனைவரும்